கூழரின் யானைக்கு ஒரு பக்கம் கறுப்பு

அரசாங்கச் சுற்றறிக்கையால் இந்த உலகத்தில் ஒரு மனிதருக்காவது உண்மையான பயன் கிடைத்தது என்றால், அந்த மனிதர் கூழர்தான். கந்தோரில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். கொழும்பிலிருந்து வருகிற சுற்றறிக்கையை வாங்கி, பதிந்து, கோத்து, அலுமாரியில் வைத்துப் பூட்டுவதோடு எங்கள் கடமை முடிந்துவிடும். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உரலில் இடித்து, நாயும் கோழியும் ஆளுமாக எழுப்பி நிறுத்தியவர் அவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் தொடக்கம். அக்கராயன் பக்கம் ஒரு சின்னக் காணிக் கந்தோர். எனக்கு இருபத்துநாலு வயது, கிளாக்கர் உத்தியோகம். பேனையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நடந்தால் குளத்துக் கொக்குகூட எழும்பி மரியாதை செய்யும் என்று நினைத்த வயது. கூழர் எங்கள் கந்தோருக்குத் தண்ணி அள்ளிவைத்து முற்றம் கூட்டுகிறவர். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து உடுத்த உடுப்போடு மனைவியும் தானுமாக லொறியேறி வந்தவர். வாய்க்கால் ஓரம் காட்டை வெட்டி, கொட்டில் போட்டு, கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் மிளகாயும் வைத்திருந்தார். காலையில் இரண்டு மணித்தியாலம் எங்களுக்கு, மிச்ச நேரம் மண்ணுக்கும் தாளுக்கும்.

என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரை நான் ஒருநாளும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. "இஞ்சை வாரும் கூழர்" என்பேன். அவர் என்னைக் "கிளாக்கரய்யா" என்பார். அந்தக் காலத்தில் இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

கூழர் என்ற பெயர் வந்ததற்கு அவருடைய கொட்டிலின் பின்புறம் போனாலே காரணம் தெரியும். அங்கே மூன்று பானைகளில் தாள் ஊறிக்கொண்டிருக்கும். மூன்று நாள் ஊறியதும் அவருடைய மனைவி அதை உரலில் போட்டு இடிப்பா. சாக்கில் கட்டித் தண்ணீர் வடித்து, கோதுமை மாக் கஞ்சியும் அரைத்த வெந்தயமும் நாலு சொட்டு வேப்பெண்ணெயும் விட்டுப் பிசைந்தால் களிமண் மாதிரி ஒரு பொருள் வரும். முதன்முதலில் அவர் வெந்தயம் போடாமல் ஒரு கன்றுக்குட்டி செய்தாராம். காயவைத்த அன்றே பக்கத்துக் காணி மாடு வந்து அதைத் தலையிலிருந்து தொடங்கி வால்வரை சாப்பிட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து வெந்தயம்.

"கொழம்புக்குப் போட வெந்தயமில்லீங்க. குதிரைக்கு இருக்கு, கோழிக்கு இருக்கு, கட்டுன பொண்டாட்டிக்கு இல்ல" என்று அந்த அக்கா எங்களிடம் முறையிடுவா. முறையிட்டுக்கொண்டே இடிப்பா. அதே உரலில்தான் அரிசியும் இடிக்கிறது. ஒருநாள் அங்கே புட்டுச் சாப்பிட்டபோது ஒரு பிடிக்குள்ளிருந்து போன வருடத்துச் செத்தவீட்டு அறிவித்தல் ஒன்றின் பாதி வந்தது. மற்றப் பாதியை நான் விழுங்கியிருக்க வேண்டும்.

தாள்களில் அவருக்குத் தரம் உண்டு. எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் தாளைத் தடவியே குணம் சொல்லுவார். பத்திரிகை உடம்புக்கு. அரசாங்க வர்த்தமானி காதுக்கும் வாலுக்கும். எங்கள் கந்தோர்ப் படிவம் தடித்த தாளாக இருப்பதால் அதை இடிக்கவே மாட்டார், நீளநீளமாகக் கிழித்துக் கஞ்சியில் தோய்த்து மேல்தோலாக ஒட்டுவார். "கவுருமெண்டுத் தாளுக்குத் தோலு தடிப்புங்கய்யா" என்று அவர் சொல்ல, நாங்கள் சிரிப்போம்.

என்ன செய்தார் என்று கேட்டால், தோட்டத்தில் விட்டுவந்ததை எல்லாம் செய்தார். லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்த கதிரை, மணிக்கூடு, றேடியோ, நாய் என்று ஒவ்வொன்றாக. றேடியோவுக்குத் திருகிகூட இருந்தது. "என்ன கூழர், றேடியோவிலை என்ன போகுது?" என்று நான் பகிடிக்குக் கேட்டேன். "செய்திங்கய்யா. உள்ளுக்குப் பூரா செய்திதான்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். நாயைப் படலையடியில் நிறுத்தியிருந்தார். தபாற்காரர் ஒரு வருடமாகச் சைக்கிளை விட்டிறங்காமல் வேலிக்கு மேலாலேயே கடிதம் எறிந்துகொண்டிருந்தார்.

கதிரைதான் விபரீதமானது. எங்கள் ஊர் அதிகாரி விதானையார் ஏதோ விசாரிக்கப் போனவர், வெயிலில் களைத்து, கேட்காமல் அதில் அமர்ந்துவிட்டார். அமர்ந்தார் என்பதைவிட நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது பொருத்தம். கூழர் ஓடிவந்து தூக்கிவிட்டு, "அது பாக்குறதுக்குத்தாங்கய்யா" என்றார். விதானையார் இரண்டு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இந்த இடுப்பை வாசகர்கள் மறக்கக்கூடாது, பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பிறகு ஊர்க் கமக்காரர் ஒருவர் வயல் வெருளிக்கு ஒரு தலை கேட்டார். கூழர் செய்து கொடுத்த தலை எங்கள் கந்தோர் மேலதிகாரி பெரியையாவை உரித்துவைத்திருந்தது. அந்த மீசை, அந்த முறைப்பு, மூக்குநுனியில் கிடக்கிற கண்ணாடிகூட. அந்த வயலில் கிளி இறங்கவில்லை. அவர் வந்து நின்றால் நாங்களே இறங்க மாட்டோம், கிளி எம்மாத்திரம். ஒருநாள் பெரியையாவின் ஜீப்பில் நானும் போனபோது அவர் நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தார்.

"அது ஆர் தம்பி வயலுக்கை நிக்கிறது?"

"வெருளி, சேர்."

"எங்கையோ பார்த்த முகமாக் கிடக்கு."

"எல்லா வெருளியும் அப்பிடித்தான் சேர்" என்றேன். இந்த ஒரு பதிலுக்காகக் கந்தோரில் ஒரு கிழமை எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

அந்த வருடம் காணிக் கச்சேரி வைக்கப் போவதாக அறிவித்தல் வந்தது. காடு வெட்டிக் குடியிருக்கிறவர்கள் விண்ணப்பம் போட வேண்டும். ஒரு நாளைக் குறித்து, பெயர் கூப்பிட்டு, விசாரித்து, பெர்மிற் கொடுப்பார்கள். பெர்மிற் இல்லாதவரின் காணியை வேறு ஆளுக்கு எழுதிவிடலாம். கூழர் நான்கு வருடமாக வெட்டித் திருத்திய மண் அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். முழுப்பெயர் கேட்டேன், சொன்னார், எழுதினேன். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலைக் கறுப்பு மையில் தோய்த்து அழுத்தினார். விரலின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டுத் தழும்பு. அடையாளத்தில் அது வெள்ளைக் கோடாக விழுந்தது.

"தேயில கவ்வாத்து வெட்டுறப்ப கத்தி பட்டதுங்கய்யா. இந்தக் கோடு வேற ஆருக்கும் இருக்காது."

"சரி சரி, நீர் போம். நான் பாத்துக்கொள்ளுறன்."

"ஐயா கையில குடுத்தாச்சு. இனி எனக்கு என்னாங்க கவல."

எல்லா விண்ணப்பங்களும் பெட்டிக்குள் போக, கூழருடையதை மட்டும் நான் வெளியே எடுத்து வைத்தேன். குடியிருப்பை உறுதிப்படுத்துகிற விதானையாரின் கடிதம் ஒன்று அதனோடு சேர வேண்டும். விதானையாரோ இடுப்பு நோ ஆறும்வரை கூழரின் பெயரைக் காதால் கேட்கவும் தயாரில்லை. கடிதம் வந்ததும் நானே கையோடு செய்துகொடுப்பேன், எங்கள் கூழர் அல்லவா என்ற பெருந்தன்மையில் அதை யன்னல் கட்டின் மேல் கிடந்த பழைய சுற்றறிக்கைகளோடு வைத்தேன். விசேஷமாகக் கவனிப்பதற்கென்று வைத்தேன் என்பதை இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன், என்னவோ அது ஒரு சமாதானம் போல.

ஒரு காலை பெரியையா தீ மிதித்தவர் போல வந்தார். "நாளைக்கு மேலிடத்து ஆக்கள் பார்வையிட வருகினம். யன்னல் கட்டிலை ஒரு தாள் கிடக்கக்கூடாது!" நான் யன்னல் கட்டின் மேல் இருந்ததை அப்படியே வழித்து இரண்டு உரப் பைக்குள் தள்ளினேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கூழரைக் கூப்பிட்டு, "இந்தாரும், உமக்குக் கொழுத்த சாப்பாடு" என்று கொடுத்தேன். "ஐயா நல்லாருக்கணும்" என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு கூழருக்குப் புதிதாக ஒரு கிறுக்கு வந்தது. எந்தக் கழிவுத்தாளைக் கொடுத்தாலும் உடனே எடுத்துக்கொண்டு போக மாட்டார். என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்து, "கிளாக்கரய்யா, கிழிக்கிறதுக்கு முந்திக் கேக்குறேன். இதுல ஆரு பேராவது இருக்குங்களா?" என்பார். பழைய பத்திரிகையைக் கொண்டுவந்தும் கேட்டார். மிளகாய் சுற்றிவந்த தாளைக் கொண்டுவந்தும் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"கூழர் இப்ப தாளுக்குச் சாதகம் பாக்கிறார்" என்று நான் சொல்ல, கந்தோர் குலுங்கியது. கூழரும் கொஞ்சம் சிரித்தார்.

கச்சேரிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பெயர்ப்பட்டியல் எழுத உட்கார்ந்தேன். கூழரின் பெயரை எழுதப் போனபோதுதான் அவருடைய படிவம் பெட்டியில் இல்லாதது தெரிந்தது. அலுமாரி, மேசை லாச்சி, பெரியையாவின் மேசைக்கடி எல்லாம் தேடினேன். யன்னல் கட்டைப் பார்த்தேன். அது துடைத்துவைத்தாற்போல் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கொட்டிலின் முன்னால் ஒரு யானை காய்ந்துகொண்டிருந்தது. என் இடுப்பளவு உயரம். அவர் செய்ததில் பெரியது அதுதான். நான் சுற்றிவந்தேன். இடது விலாவில், தோலோடு தோலாக, என் கையெழுத்து. குமிழ்முனைப் பேனையால் நான் எழுதிய 'அக்கராயன்', அதற்குக் கீழே எங்கள் கந்தோர் முத்திரையின் அரைவட்டம். முன்னங்காலுக்கு மேலே 'விண்ணப்பகாரரின்' என்று அச்செழுத்து.

கூழர் குனிந்து யானையின் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஐயா யானை பாக்க வந்தீங்களா?"

"ஓம், யானை பாக்கத்தான் வந்தனான்."

"பாத்துட்டு ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்கய்யா."

என் வாயில் வந்தது இதுதான்: "தும்பிக்கை கொஞ்சம் நீளம்."

அவர் சற்றுநேரம் தும்பிக்கையைப் பார்த்தார். "குறைச்சிருவோம்" என்றார். அந்த அக்கா தேத்தண்ணி தந்தா. குடித்துவிட்டு வந்தேன்.

சொல்லியிருக்கலாம். விண்ணப்ப முடிவுத் திகதி போய்விட்டது, ஆனால் பெரியையாவிடம் உண்மையைச் சொன்னால் அவர் புதுப் படிவத்தில் ஒப்பம் வைத்துச் சேர்த்திருப்பார். எனக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். என் உத்தியோகம் நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கெட்டிக்காரன் என்ற கந்தோர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். இந்த மூன்றையும் ஒரு தட்டிலும் கூழரின் காணியை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். எந்தத் தட்டு இறங்கியது என்று சொல்லவேண்டியதில்லை.

யானையின் புகழ் பெரியையா காதுக்கும் போனது. "வாரும் தம்பி, ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். அவருடைய கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது, யானையின் விலாவில் எழுதியிருப்பதை வாசிக்காமல் விடுவாரா? போய் இறங்கினால், யானையின் இடது பக்கம் முழுக்கச் சட்டிக்கரியும் கஞ்சியும் பூசி அட்டக் கறுப்பு. வலது பக்கம் வெறும் தாள்.

"ஏன் காணும் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு?"

"மத்தப் பக்கத்துக்குக் கரி பத்தலீங்கய்யா."

பெரியையா வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடப் பலமாக. எனக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நினைத்தேன். அதிர்ஷ்டமாம்.

காணிக் கச்சேரி பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பட்டியல் என் கையில், பெயர் கூப்பிடுவது என் வேலை. கூழர் யாரிடமோ வெள்ளைச் சேர்ட் இரவல் வாங்கி, அதன் கை முழங்கையைத் தாண்டித் தொங்க, காலையிலிருந்து முன் வாங்கில் இருந்தார். பக்கத்தில் அந்த அக்கா, மடியில் ஒரு போத்தல் தண்ணியோடு. நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையை நிமிர்த்தினார். கடைசிப் பெயரும் முடிந்தது. ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள். அவர்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.

பெரியையா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உவர் கூழற்றை விண்ணப்பம் எங்கை? உவர் போடேல்லையோ?"

"இல்லை சேர். உவர் போடேல்லை" என்றேன்.

மண்டபத்தில் அது எல்லாருக்கும் கேட்டது. பெரியையா கூழர் பக்கம் திரும்பினார். கூழர் எழும்பி நின்று என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆமாங்கய்யா. போடலீங்க. மறந்துட்டேன்."

"விசரே உமக்கு? நாலு வருசமாக் காடு வெட்டிப்போட்டு மறந்துபோனீரோ?"

"தப்புத்தாங்கய்யா."

அந்த அக்கா புருஷன் முகத்தைப் பார்த்தா, பிறகு என் முகத்தைப் பார்த்தா. நான் பட்டியலில் இல்லாத பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் கூழர் நின்று, "வாரேங்க கிளாக்கரய்யா. மத்தியானமும் சாப்புடல, நேரத்துக்குச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனிதர் பயந்துபோய் அப்படிச் சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விண்ணப்பம் எங்கேயோ தொலைந்துவிட்டது என்று நினைத்திருப்பார், எப்படித் தொலைந்தது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். அவர் திருத்திய காணி வேறொருவர் பெயருக்குப் போனது. கூழர் கொட்டிலைப் பிரித்து, வாய்க்காலுக்கு அப்பால் இன்னும் உள்ளே போய், திரும்பவும் முதல் மரத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். நாயும் றேடியோவும் யானையும் மாட்டுவண்டியில் போனதைக் கந்தோர் யன்னலால் பார்த்தோம். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அவ்வளவுதான் என் வருத்தம், அதற்கு மேல் நான் ஒரு விரலையும் அசைக்கவில்லை.

உத்தியோகம் நிரந்தரமானது. யாழ்ப்பாணத்துக்கு மாற்றமும் வந்தது. கடைசி நாள் கூழர் உரப் பையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் தலை, நெஞ்சுவரை. அச்சொட்டாக நான். சட்டைப்பையில் பேனைகூட இருந்தது. காதுகளை மட்டும் இரண்டு பங்கு பெரிதாகச் செய்திருந்தார்.

"என்னப்பா, காது உப்பிடி?"

"ஐயாவுக்கு ஆளுக சொல்றது நல்லாக் கேக்கணும்னுதாங்க" என்றார். கந்தோர் மேசையில் தட்டித்தட்டிச் சிரித்தது.

யாழ்ப்பாணம் போகிற வழியில் பஸ் பளையில் நின்றபோது, பக்கத்துச் சீற்றில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்து, "இதிலை கீழை ஏதோ ஒட்டிக்கிடக்குது தம்பி" என்றார். அடிப்பக்கத்தில் ஒரு சதுரத் துண்டுத் தாள், மேலே வார்னிஷ் பூசி, நேர்த்தியாக ஒட்டியிருந்தது. அதில் கறுப்பு மையில் ஒரு பெருவிரல். விரலின் குறுக்கே வெள்ளைக் கோடு.

யானைக்குத் தோல் ஒட்டும்போதே கண்டிருக்கிறார். வாசிக்கத் தெரியாதவருக்கு அந்த ஒரு எழுத்து மட்டும் தெரிந்திருக்கிறது. அதைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டு, நான் சொல்லுவேன் என்று காத்திருந்திருக்கிறார். தாள்தாளாகக் கொண்டுவந்து ஆரு பேராவது இருக்குங்களா என்று கேட்டது அதற்குத்தான். கரி பத்தாமல் போனதும் அதனால்தான். அந்த யானையைக் கரி பூசாமல் அவர் பெரியையாவிடம் காட்டியிருந்தால் போதும், காணி அவருக்கு, விளக்கக் கடிதம் எனக்கு. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவரை ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் காட்டிக்கொடுத்தேன்.

பளையில் பஸ் கால் மணித்தியாலம் நின்றது. இறங்கித் திரும்பிப் போக நேரம் இருந்தது. எதிர்ப்பக்கம் கிளிநொச்சி பஸ்ஸும் நின்றது. நான் இறங்கவில்லை. தலையை உரப் பையில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு காலபோக நெல் அறுவடை கழித்து, அடுத்த கச்சேரியில் கூழருக்குப் பெர்மிற் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பதிலாக வந்த பெடியன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தானாம். எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவனிடமே கேட்டேன். "பத்து நிமிசம் அண்ணை, ஏன்?" என்றான்.

அதன்பிறகு நான் எத்தனையோ வீடு மாறினேன். அலுமாரியை விட்டுவந்தேன், கலியாணப் படத்தை விட்டுவந்தேன். அந்தத் தலையை விடவில்லை. ஒரு மாரியில் மூக்கு ஊறி விழுந்தது, இப்போது மூக்கில்லாமல் என் மேசையில் இருந்து என்னைப் பார்க்கிறது. காது அப்படியே இருக்கிறது. இந்தக் கதையை எழுதத் தொடங்கும்போது கூழரின் உண்மைப் பெயரைப் போடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று நாளாக யோசித்தேன், வரவில்லை. அதை என் கையால் எழுதிய ஒரே தாள் அந்த யானையின் விலாவில் கரிக்குள் போய்விட்டது.

இந்தக் கதை வருகிற பத்திரிகையும் வாசித்து முடிந்ததும் எங்கேயாவது ஒரு பானைக்குள் ஊறத்தான் போகிறது. ஊறப்போடுகிறவர் அவராக இருந்தால், கிழிப்பதற்கு முந்தி நிச்சயம் கேட்பார், இதுல ஆரு பேராவது இருக்குங்களா என்று.

ஓம் அண்ணை. இதிலை உங்கடை பேர் இருக்குது. கிழியாதேங்கோ.